கத்திக்கும் பூர்வீகம் உண்டு

“எந்த ஊர்? யார் வீட்டுப் பிள்ளை?” என்பதே முன்பின் அறியாத ஒருவரைக் கண்டதும் நம் பெரியோர் கேட்கும் முதற்கேள்வி. மனிதரைக் கேட்டால் மனிதர் விடை சொல்வார். கை மாறிக் கை மாறிப் பழம்பொருள் கடைக்கு வந்து சேர்ந்த ஒரு கத்தியைக் கேட்டால் அது என்ன சொல்லும்? ஒன்றும் சொல்லாது என்றே நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அது தவறு என்பதை அண்மையில் உணர்ந்தேன். கேட்கத் தெரிந்தவர்க்குக் கத்தியும் விடை சொல்லும்; சில வேளைகளில் நாம் கேட்க விரும்பாத விடையையும் சொல்லும்.

சென்னையை அடுத்த பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையை வாசகர்களுள் பலர் அறிந்திருப்பர். 1985ஆம் ஆண்டு தீக்கிரையான மூர் மார்க்கெட்டில் பழம்பொருள் தேடி அலைந்த என் போன்ற முதியவர்க்கு இன்று ஆறுதல் தருவது இச்சந்தையே. அங்கே ஒருநாள், சாக்கு விரிப்பின்மேல் துருப்பிடித்த பூட்டுகளுக்கும் முள் இழந்த கடிகாரங்களுக்கும் நடுவே, ஒரு சிறு கத்தி கிடக்கக் கண்டேன். கருங்காலி மரப்பிடி, பிடியைக் காட்டிலும் குட்டையான அலகு, ஈட்டி முனைபோல் இருபுறமும் கூர்.

“டாக்டர் கத்தி சார்! வெள்ளைக்காரன் காலத்து ஆபரேஷன் கத்தி. ஐந்நூறு ரூபாய்” என்றார் கடைக்காரர். பேரம் பேசி இருநூறு ரூபாய்க்கு வாங்கி வந்தேன்.

வீட்டில் அதைக் கண்ட என் பேரன் சற்றும் வியப்படையவில்லை. “இது என்ன தாத்தா பெரிது? நம் வீட்டுத் துரை கத்தியைவிடவா?” என்றான். ஆம்; எங்கள் குடும்பத்திலும் ஒரு பழங்கத்தி உண்டு. 1907ஆம் ஆண்டு மறைந்த என் கொள்ளுப்பாட்டனார், வேட்டைக்குச் சென்ற துரை ஒருவரைப் புலியின் வாயிலிருந்து காப்பாற்றினாராம். அதற்கு நன்றியாகத் துரை தம் இடுப்பிலிருந்த கத்தியைக் கழற்றிக் கொடுத்தாராம். என் தந்தையார் இக்கதையைச் சொல்லும்போது அவர் முகத்தில் தோன்றும் பெருமிதத்தை இன்றும் மறக்க இயலவில்லை. அக்கத்தியைப் பற்றிக் கட்டுரையின் இறுதியில் கூறுவேன். முதலில் சந்தையில் வாங்கிய கத்திக்கு வருவோம்.

உருவமே முதற்சாட்சி

பழைய கத்தி ஒன்று கையில் கிடைத்தவுடன் அதில் எழுத்து ஏதேனும் உண்டா என்று தேடுவது நம் இயல்பு. ஆயின் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, “இது எதை வெட்டுவதற்காகப் படைக்கப்பட்டது?” என்பதே. பயன் தெரிந்தால் பிறந்த காலமும் இடமும் பாதி தெரிந்தது போலாகும்.

அறுவைக் கத்திகளிற் பெரும்பாலானவற்றுக்கு ஒருபுறமே கூர் இருக்கும். என் கத்திக்கோ இருபுறமும் கூர். அலகோ குட்டையும் தடிப்புமாக இருந்தது. அறிந்தோரிடம் காட்டியும் பழைய வணிகப் பட்டியல்களின் படங்களோடு ஒப்பிட்டும் பார்த்ததில் உண்மை விளங்கியது. அது மருத்துவர் கத்தியன்று, எழுத்தர் கத்தி! தொட்டெழுதும் பேனாவால் பேரேடுகளை நிரப்பிய நாள்களில், தாளில் ஊறிவிட்ட மையை ரப்பர் கொண்டு அழிக்க இயலாது. எழுத்தர்கள் இத்தகைய கத்தியின் முனையால் பிழையான எழுத்தை மெல்லச் சுரண்டி எடுப்பர். சுரண்டிய இடம் சொரசொரப்பாகிப் புதிய மை பரவிவிடாதவாறு, பிடியின் மழமழப்பான முனையால் அவ்விடத்தைத் தேய்த்து வழவழப்பாக்குவர். அதன் பின்னரே சரியான எழுத்தை எழுதுவர். உயிரை அறுப்பதற்கன்று, பிழையைத் திருத்துவதற்காகவே பிறந்த கத்தி அது.

இதன் மூத்த உறவினர் ஒருவர் நம் மொழியிலேயே வாழ்கிறார். சட்டைப் பையில் மடக்கி வைக்கும் சிறு கத்தியை நாம் ‘பேனாக்கத்தி’ என்கிறோம். பேனாவுக்கும் கத்திக்கும் என்ன தொடர்பு என்று எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? பறவை இறகைச் சீவி எழுதுகோலாக்கிய காலத்தில் அதனைச் சீவுவதற்கென்று வைத்திருந்த கத்திக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் அது. இறகுப் பேனா மறைந்தது. பெயர் மட்டும் கடல் கடந்து வந்து நம் நாவில் நிலைத்தது.

இவ்வாறே பிற கத்திகளும் தம் உருவத்தால் தம்மை வெளிப்படுத்துகின்றன. முன்னோக்கி வளைந்த கனத்த அலகும், அலகின் அடியில் சிறு வெட்டுக்குறியும், உறையில் இரு குட்டிக் கருவிகளும் இருப்பின் அது நேபாளத்துக் குக்ரி. வெள்ளியும் பித்தளையும் பதித்த பூவேலைப்பாடும் செதுக்கிய பிடியுமாக மின்னுவது இலங்கைக் கண்டியின் கைவினைக் கத்தியாக இருக்கலாம். முத்துச்சிப்பிப் பிடியும் வெள்ளி அலகும் கொண்ட சிறு மடக்குக்கத்தி, சீமைச் சீமாட்டியர் கனி நறுக்க வைத்திருந்தது. பழச்சாறு பட்டால் இரும்பு கறுத்துச் சுவையும் கெடும் என்பதால் அலகை வெள்ளியில் செய்தனர். ஆங்கிலேய வெள்ளி முத்திரையுள்ள இக்கனிக்கத்தி ஒன்றே பெரும்பாலும் தன் பிறந்த ஆண்டையும் சொல்லவல்லது. நடக்கும் சிங்கத்தின் உருவம் வெள்ளியின் தூய்மையைக் காட்டும். கிரீடம் ஷெஃபீல்டு நகரின் சோதனைச்சாலையையும் நங்கூரம் பர்மிங்காமையும் குறிக்கும். உடனுள்ள ஓர் எழுத்து ஆண்டைக் குறிக்கும். அரசரின் தலை உருவமும் காணப்பட்டால் அது 1784 முதல் 1890 வரை வசூலித்த வரியின் அடையாளம். 1975 முதல் ஷெஃபீல்டு கிரீடத்தை விடுத்து ரோஜா மலரை ஏற்றது.

அலகின் அடியில் எழுதிய விதி

உருவத்தை அடுத்து நாம் காணவேண்டியது முத்திரை. பிடியிலிருந்து அலகு வெளிப்படும் இடத்தில், கூர் தொடங்குவதற்கு முன், சிறு எழுத்துகளோ உருவங்களோ அடிக்கப்பட்டிருக்கும். உருப்பெருக்கும் கண்ணாடியைக் கொண்டு, வெளிச்சம் பக்கவாட்டில் விழுமாறு சாய்த்துப் பார்த்தால் தேய்ந்தவையும் தெரியும்.

என் எழுத்தர் கத்தியில் ஒரு விண்மீனும், எட்டு முனைகள் கொண்ட மால்டா சிலுவையும் தெரிந்தன. இவை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் இருந்த ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் குறிகள். கத்தித் தொழிலுக்கு அந்நகரம் 14ஆம் நூற்றாண்டிலேயே பெயர் பெற்றிருந்தது. ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் ‘கேன்டர்பரி கதைகள்’ நூலில் வரும் மாவரைப்பவன் ஒருவனின் காலுறையில் ஷெஃபீல்டுக் கத்தியைச் செருகி வைத்திருக்கிறார். 1624ஆம் ஆண்டு அந்நகரின் கத்தித் தொழிலாளர் சங்கம் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனிக் குறி வழங்கிப் பதிவு செய்வது அச்சங்கத்தின் கடமைகளுள் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அடையாளம் காணத்தக்கவாறு விண்மீன், சிலுவை, இதயம், கிரீடம் என உருவங்களே குறிகளாயின.

சில குறிகள் விடுகதை போன்றவை. வாஸ்டன்ஹோம் என்னும் ஷெஃபீல்டு நிறுவனத்தின் கத்திகளில் ‘ஐ எக்ஸ் எல்’ என மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். ரோமானிய எண் என்று கருதிக் கூட்டிக் கழித்துப் பார்ப்பவர் உண்டு. சேர்த்து ஒலித்துப் பார்த்தால், ‘நான் மிஞ்சி நிற்கிறேன்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் வெளிப்படும். ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்து ஹென்கெல்ஸ் குடும்பத்தின் குறியோ இரட்டையர் உருவம். 1731ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் பதிவு செய்யப்பட்ட அக்குறி இன்றும் வழக்கில் உள்ளது.

நம் வாசகர்க்கு உவகை தரும் குறி ஒன்று பிரான்சு நாட்டு சவாய் மலைப்பகுதியிலிருந்து வருகிறது. மரப்பிடி கொண்ட எளிய ஒப்பினெல் கத்தியின் அலகில் மூன்று விரல் உயர்த்தி ஆசீர்வதிக்கும் ஒரு கரத்தையும் அதன்மேல் ஒரு கிரீடத்தையும் காணலாம். அக்கரம் புனித ஸ்நாபக அருளப்பருடையது! அவருடைய விரல்களின் திருப்பண்டத்தைப் புனித தெக்ளா என்னும் பெண்மணி 6ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்ததாக அப்பகுதியின் மரபு கூறுகிறது. அத்திருப்பண்டம் இருக்கும் பேராலயத்தின் நகருக்கே அவர் பெயர்தான். நகரின் சின்னத்திலிருந்த கரத்தை ஜோசப் ஒப்பினெல் 1909ஆம் ஆண்டு தம் கத்திக்குக் குறியாக்கிக்கொண்டார். சவாய் முன்னொருகாலத்தில் தனிக் கோமகன் நாடாக இருந்ததை நினைவுறுத்தக் கிரீடத்தையும் சேர்த்தார். விரித்த அலகு மடங்கிவிடாமல் பூட்டும் வளையம் இக்கத்திக்கு வந்தது 1955ஆம் ஆண்டில். ஆகவே வளையம் இருக்கும் கத்தி அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது.

பொய் முத்திரையும் மெய்ச் சட்டமும்

அடுத்த வெள்ளிக்கிழமை சந்தைக்குச் சென்றபோது, அது மருத்துவர் கத்தியன்று என்பதைக் கடைக்காரரிடம் கூறினேன். அவர் சிரித்தார். “டாக்டர்னு சொன்னாத்தானே சார் விலை போகுது? கிளார்க்குன்னா யாரு வாங்குவாங்க?” என்றார்.

இதே நியாயத்தைத்தான் 19ஆம் நூற்றாண்டில் வணிகர் சிலரும் கைக்கொண்டனர். ஷெஃபீல்டு என்ற சொல்லுக்கு உலகெங்கும் மதிப்பு இருந்தது. எனவே ஜெர்மனியில் செய்த மலிவான கத்திகளிலும் ஷெஃபீல்டு என்று பொறித்து விற்கலாயினர். வெகுண்டெழுந்த ஆங்கிலேயத் தொழிலாளரும் உற்பத்தியாளரும் முறையிட்டதன் விளைவுகளுள் ஒன்றே 1887ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டம். பொய்யான பிறப்பிடம் பொறித்த பொருளை அச்சட்டம் தடை செய்தது. நம் நாட்டிலும் 1889ஆம் ஆண்டு இந்திய வணிகக் குறிகள் சட்டம் இயற்றப்பட்டது. 1890ஆம் ஆண்டு அமெரிக்கா இயற்றிய சுங்கச் சட்டம், தன் துறைமுகத்துக்கு வரும் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று விதித்தது. பழைய கத்தியில் நகரின் பெயரோடு ‘இங்கிலாந்து’, ‘ஜெர்மனி’ என்று நாட்டின் பெயரும் காணப்பட்டால், அது பெரும்பாலும் இச்சட்டங்களுக்குப் பிற்பட்டது எனக் கொள்ளலாம். நாட்டின் பெயர் இல்லாமையை மட்டும் கொண்டு அது முற்பட்டது எனத் துணிந்துவிடலாகாது. அமெரிக்காவுக்கு அனுப்பாத பொருள்களில் அதைப் பொறிக்காமல் விட்டதும் உண்டு.

காலச் சக்கரம் சுழன்றது. ஜெர்மானியர் தம் தொழிலை மேம்படுத்தினர். பின்னர் சோலிங்கன் என்னும் பெயருக்கே உலகில் மதிப்பு உயர்ந்தது. அதனையும் பிறர் திருடத் தொடங்கினர்! 1938ஆம் ஆண்டு அப்பெயரைக் காக்க ஜெர்மனி தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. பிறர் பெயரைத் தாங்கி விற்றவர்கள் தம் பெயரைக் காக்க நேர்ந்த இவ்வரலாறு சிந்திக்கத்தக்கது.

அரசியல் மாற்றங்களும் கத்தியில் எழுதப்படுவதுண்டு. ‘மேற்கு ஜெர்மனி’ என்றிருப்பின் அது 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்று ஆங்கிலத்தில் இருப்பின் இரண்டாம் உலகப் போருக்குப்பின் 1952 வரை ஜப்பான் அயலார் ஆட்சியில் இருந்த காலத்தது. ஆங்கிலக் கத்தியில் கிரீடத்தின் இருபுறமும் ‘வி’, ‘ஆர்’ என்னும் எழுத்துகள் இருந்தால் அது விக்டோரியா அரசியின் காலத்தைக் காட்டும். அவர் ஆண்டது 1837 முதல் 1901 வரை. ‘ஜி’, ‘ஆர்’ என்றிருப்பின் எச்சரிக்கை தேவை. ஜார்ஜ் என்னும் பெயருடைய அரசர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உண்டு. 20ஆம் நூற்றாண்டிலும் உண்டு. அப்போது வேறு சாட்சியை நாடவேண்டும்.

பெயர் வேறு, பிறப்பிடம் வேறு

கத்தியில் ஊர்ப் பெயர் இருந்தாலும் அது பிறந்த ஊராகாமல் போகலாம். பிரான்சு நாட்டில் லாயோல் என்றொரு சிற்றூர் உண்டு. மெல்லிய வளைந்த பிடியும் முதுகில் ஈ வடிவமும் கொண்ட மடக்குக்கத்திக்கு அவ்வூரின் பெயரே வழங்குகிறது. ஆயினும் அப்பெயர் தாங்கிய கத்திகளில் மிகப் பல, அதே நாட்டின் தியேர் நகரத்தில் செய்யப்பட்டவை. மேலும் பல ஆசிய நாடுகளிலிருந்து வருபவை. அங்கே ஊர்ப்பெயர், கத்தியின் வடிவத்துக்குப் பெயராகிவிட்டது.

இதைவிட நமக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அலகில் நீரலை போன்ற வரிகள் ஓடும் வாளையும் கத்தியையும் ‘டமாஸ்கஸ்’ என்று உலகம் புகழ்ந்தது. அவ்வகை வாள்களுக்குப் புகழ்பெற்ற மூலப்பொருள்களுள் ஒன்று, தென்னிந்தியாவில் களிமண் மூசையில் உருக்கி எடுக்கப்பட்ட எஃகு. அதனை ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்றனர். அது கன்னடத்து ‘உக்கு’, நம் ‘உருக்கு’ ஆகிய சொற்களோடு தொடர்புடையது என்பர். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகள் அங்கே பழங்காலத்தில் இரும்புத் தொழில் சிறந்திருந்ததைக் காட்டியுள்ளன. 1795ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகத்தில் வூட்ஸ் எஃகு பற்றி ஜார்ஜ் பியர்சன் ஆய்வுரை அளித்தார். 1820ஆம் ஆண்டை ஒட்டி, ஸ்டோடார்ட் என்ற கத்தித் தொழிலாளியும் மைக்கேல் ஃபாரடே என்ற அறிவியல் மேதையும் சேர்ந்து இந்த எஃகின் இரகசியத்தை அறிய முனைந்து, எஃகோடு பிற உலோகங்களைக் கலந்து சோதனைகள் நடத்தினர். நம் கொல்லர் உலையில் பிறந்த எஃகு, வேற்றூர்ப் பெயரோடு உலகை வலம் வந்தது!

எஃகும் பிடியும் பேசும்

எழுத்து முற்றிலும் தேய்ந்துவிட்ட கத்தியும் ஊமையன்று. அதன் எஃகு பேசும். 1913ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், துப்பாக்கிக் குழல் விரைவில் அரிக்கப்படுவதைத் தடுக்க வழி தேடிய ஹாரி பிரேர்லி என்னும் ஷெஃபீல்டு ஆய்வாளர், நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு அளவில் குரோமியம் கலந்த எஃகை வார்த்தார். அது எளிதில் துருப்பிடிக்கவில்லை. துப்பாக்கிக்கென்று தேடியது உணவு மேசைக்கு வந்து சேர்ந்தது. கத்தி செய்யும் வீடுகளில் முதலில் ஏளனமே விளைந்தது. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரை நகைத்தனர். பின்னர் அதுவே உலகை வென்றது. ஆகவே ‘ஸ்டெயின்லெஸ்’ என்னும் சொல்லோ அதே பொருளுடைய ‘ரோஸ்ட்ஃபிரை’ என்னும் ஜெர்மன் சொல்லோ இருக்கும் எந்தக் கத்தியும் 1913க்கு முற்பட்டதாக இருக்க இயலாது. மேலே கூறிய ‘ஜி’, ‘ஆர்’ எழுத்துகளோடு இச்சொல்லும் இருப்பின் அது எந்த நூற்றாண்டு ஜார்ஜ் என்பது உடனே விளங்கிவிடும்.

பிடியும் பேசும். எலும்புப் பிடியில் ஊசி குத்தியது போன்ற சிறு கரும்புள்ளிகளும் கோடுகளும் தென்படும். ஒருகாலத்தில் இரத்தம் ஓடிய நாளங்களின் தடங்கள் அவை. யானைத் தந்தத்தின் வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்கிட்டு ஓடும் மெல்லிய வளைகோடுகள் தெரியும். தந்தம் போலவே தோன்றி, கோடுகள் மட்டும் இயந்திரத்தில் இழுத்தாற்போல் சீராக இருந்தால் அது செல்லுலாயிட். துணியால் அழுத்தித் தேய்த்தால் கற்பூர மணம் வரக்கூடும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திச் சோதிக்குமாறு சிலர் கூறுவர், அது வேண்டா. செல்லுலாயிட் எளிதில் தீப்பற்றும். தந்தத்தைப் பொறுத்தவரை இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் நம் நாட்டில் தந்த வாணிகத்தைத் தடை செய்துள்ளன. எத்துணை அழகாயினும் தந்தப்பிடிக் கத்தியை விலைக்கு வாங்குவதும் விற்பதும் குற்றமாகும்.

பெயர் பொறிக்கப்படாதவர்கள்

கத்தியின் பூர்வீகத்தைத் தேடிச் செல்பவர் ஓரிடத்தில் நின்று தலை தாழ்த்தியே தீரவேண்டும். அலகில் இருப்பது நிறுவனத்தின் பெயர். ஆனால் பழைய ஷெஃபீல்டுக் கத்தி ஒருவர் கையால் உருவானதன்று. ஒருவர் காய்ச்சி அடித்தார். ஒருவர் சாணையில் தீட்டினார். ஒருவர் பிடி பொருத்தினார். இம்மூவரில் நடுவர் நிலைதான் இரங்கத்தக்கது. சுழலும் பெருங்கல்லின் முன் குனிந்தமர்ந்து, கல்லும் இரும்பும் கலந்த தூளை நாள் முழுதும் அவர் சுவாசித்தார். நுரையீரல் கெட்டு இளமையிலேயே மூச்சுத் திணறி இறப்பது அத்தொழிலின் தலைவிதி என்றே கருதப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்நகரில் மருத்துவராய் இருந்த நைட் என்பவரின் கணிப்பின்படி, நீரூற்றாமல் வறட்டுக் கல்லில் தீட்டியவர்கள் சராசரியாக 35 வயதைக்கூட எட்டுவது அரிது. ஈரக் கல்லில் தீட்டியவர்களும் 45 வயதைக் கடப்பது அரிது. உணவு மேசையின் முட்கரண்டிகள் வறட்டுக் கல்லில் தீட்டப்பட்டவை. சீமான்கள் விருந்துண்ட கருவிகளின் பளபளப்புக்குப் பின்னே எத்தனை இளம் விதவைகளின் கண்ணீர் இருந்ததோ!

என் எழுத்தர் கத்தியைத் திருப்பிப் பார்த்தேன். பிடியின் அடியில் ஊசியால் கீறிய இரு எழுத்துகள் மங்கலாய்த் தெரிந்தன. அவை தமிழ் எழுத்துகள். எந்தக் கச்சேரியில், எந்தப் பேரேட்டின் முன் அமர்ந்து, யாருடைய பிழையை அவர் திருத்தினாரோ? தீட்டியவர் பெயரும் தெரியவில்லை. திருத்தியவர் பெயரும் தெரியவில்லை. இருவருக்கும் நடுவே நின்ற விற்பனையாளரின் விண்மீனும் சிலுவையும் மட்டும் மங்காமல் நிற்கின்றன.

துரை கத்தி

இனி எங்கள் வீட்டுக் கத்தி. பேரனின் வற்புறுத்தலால் என் தம்பி வீட்டிலிருந்து அதை வரவழைத்தேன். மடக்குக்கத்தி, கறுப்பான சொரசொரப்புப் பிடி, ஒருபுறம் நேரான அகன்ற அலகு, மறுபுறம் விரல்நீள இரும்பு முள். அந்த முள்தான் புலியின் கழுத்தில் இறங்கியது என்பது குடும்ப வழக்கு. முள்ளுக்கு அருகே மடங்கியிருந்த குட்டையான ஒரு துண்டு துருவேறி அசையாமல் இருந்தது.

பழங்கத்தியை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்ப்பது பெருந்தவறு. துருவோடு முத்திரையும் போய்விடும். ஆகவே மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்து, மெல்லிய துணியால் பொறுமையாகத் துடைத்தேன். மூன்றாம் நாள் அந்தக் குட்டைத் துண்டு திறந்தது. அது தகரடப்பா திறக்கும் கருவி! அலகின் அடியில், துருவுக்குக் கீழிருந்து, மேல்நோக்கிய ஓர் அம்புக்குறியும் நான்கு இலக்கங்களும் எழுந்து வந்தன: 1943.

அந்த அம்புக்குறி பிரிட்டிஷ் அரசின் உடைமைக்குப் பல நூற்றாண்டுகளாக இடப்பட்டு வந்த அடையாளம். பிரிட்டிஷ் படையினர்க்கு வழங்கப்பட்ட சாதாரண மடக்குக்கத்தி அது. முள்ளோ, புலிக்கன்று, கூடாரக் கயிற்றின் இறுகிய முடிச்சை நெகிழ்த்துவதற்கு. கொள்ளுப்பாட்டனார் மறைந்து முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னரே அக்கத்தி பிறந்திருக்கிறது.

எனக்கு மனம் கனத்தது. என் தந்தையார் பொய் சொன்னாரா? பேரனோ தன் நண்பர் அனைவரிடமும் புலிக்கதையைச் சொல்லியிருக்கிறான். துருவை மீண்டும் ஏறவிட்டு வாளாவிருந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் எண்ணினேன். இறுதியில் கத்தியை எடுத்துக்கொண்டு, எண்பத்தெட்டு வயதாகும் என் அத்தையிடம் சென்றேன்.

அவர் கத்தியைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இது சித்தப்பாவுடையது, தம்பி” என்றார்.

“எந்தச் சித்தப்பா, அத்தை?”

“உனக்குச் சின்னத் தாத்தா. பட்டாளத்தில் குசினியில் இருந்தார். சண்டை முடிந்து வந்தபோது எனக்கு ஒன்பது வயது. வந்த அன்று ஒரு பால் டின்னை இந்தக் கத்தியால்தான் திறந்து, பிள்ளைகள் எல்லோருக்கும் ஆளுக்கொரு கரண்டி கொடுத்தார். அவர் காசில்தான் உன் அப்பா படித்தான்.”

“பிறகு ஏன் அத்தை இந்தப் புலிக்கதை?”

“உன் அப்பா கச்சேரி வேலைக்குப் போய்விட்டான். நாலு பேர் வந்து போகிற வீடு. குசினிக்காரர் கத்தி என்று சொல்ல வாய் வரவில்லை. துரை கத்தி என்று யாரோ விளையாட்டாகச் சொன்னார்கள், அதுவே நிலைத்துவிட்டது. அவனை நாலு பேர் முன்னால் பொய்யனாக்க எனக்கும் மனம் வரவில்லை.”

மணமாகாமலே மறைந்த அந்தச் சின்னத் தாத்தாவின் புகைப்படம் எங்கள் வீட்டில் இல்லை. இறந்தோர் நினைவு நாளில் நாங்கள் வாசிக்கும் பெயர்ப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. கண் காணாத ஒரு துரைக்குத் தந்த பெருமையை, எங்களுக்குச் சோறிட்டவருக்கு நாங்கள் தரவில்லை. மருத்துவர் கத்தி என்று சொன்னால்தான் விலை போகும் என்று கடைக்காரர் சொன்னபோது நான் அவரைக் குறையாக எண்ணினேன். அதே வாணிகத்தை எங்கள் வரவேற்பறையிலேயே மூன்று தலைமுறையாக நடத்தி வந்திருக்கிறோம்.

பேரனிடம் உண்மையைச் சொன்னேன். முகம் வாடிவிடுவானோ என்று அஞ்சினேன். அவன் கத்தியை விரித்து, மடக்கி, மறுபடி விரித்து, “அப்படியானால் இந்தக் கத்தியால்தான் கொள்ளுத்தாத்தா படித்தார், இல்லையா தாத்தா?” என்றான்.

அன்பார்ந்த வாசகர்களே! உங்கள் இல்லத்துப் பரணிலும் பெட்டியடியிலும் ஒரு பழங்கத்தி துருவேறிக் கிடக்கக்கூடும். அதைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அதன் உருவத்தையும் முத்திரையையும் எஃகையும் பிடியையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒரு சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறாதீர்கள். வீட்டில் முதியோர் இருப்பின், அவர் நினைவுள்ளபோதே கத்தியை அவர் கையில் கொடுத்துக் கேளுங்கள். விலைமதிப்பு உயரும் என்று நான் உறுதி கூறேன், பெரும்பாலும் உயராது.

எங்கள் வீட்டு நினைவுப் பட்டியலில் இவ்வாண்டு ஒரு பெயரைச் சேர்த்தோம். எழுதியவள் என் அத்தை. கை நடுங்கியதால் முதல் எழுத்துப் பிழையாக விழுந்தது. எழுத்தர் கத்தியால் அதனைச் சுரண்டி, பிடியின் முனையால் தேய்த்து, சரியாக எழுதினோம்.